ஆறு பத்துக்கு ஒரு வித்தவுட்

"நம்ம வைஃபைல யாரோ வித்தவுட்ல ஏறியிருக்கான்" என்றார், முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவர். இணைப்பில் இருப்பவர்களின் பட்டியலை மனைவியிடம் காட்டினார். "உன் போன், என் போன், டிவி. இந்த நாலாவது யாரு?"

"பக்கத்து வீடா இருக்கும். விடுங்களேன்."

"தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு ஏறறான், கால் மணி நேரத்துல இறங்கிடறான். பாஸ்வேர்டை மாத்தலாம்னு மூணு வருஷமா சொல்றேன், நீதான் விடமாட்டேங்கிற."

"புதுசு எனக்கு ஞாபகம் இருக்காதுங்க."

ஒரு தட்டு தட்டினால் முடக்கிவிடலாம். ஆனால் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மறுநாள் ஆறு பத்துக்கு நாலாவது ஆள் பட்டியலில் ஏறியதும், பூனை மாதிரி பால்கனிக்குப் போனார்.

அங்கே மனைவி காய்ந்த துண்டு ஒன்றை மடித்து, உதறி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். பார்வை மட்டும் தெருவில் இருந்தது. எதிர்ச்சாரியில் பைக்கில் உட்கார்ந்து ஒருவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருடம் முன்பு, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அவரே இறக்கிவிட்ட மகன். அவன் போன் மட்டும் பழைய பாஸ்வேர்டை மறக்கவில்லை.

திரும்பிப் பார்த்த மனைவியின் கையில் துண்டு அப்படியே நின்றது. "பிளாக் பண்ணப் போறீங்களா?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தெருவுல சிக்னல் சரியா கிடைக்காது. மேல வந்து உட்காரச் சொல்லு."