இன்றைய திகதி

“நேற்றுப் பாத்தா, நேற்றுக் காலமானார் எண்டு கிடந்தது…”

“அண்ணை, என்னையும் ஒருக்கால் கதைக்க விடுங்கோ…”

“இண்டைக்குப் பாத்தா, இண்டைக்குக் காலமானாராம்! உம்மட கொம்பியூட்டர் ஒரு ஆளை எத்தினை தரம் சாக்காட்டும்?”

முருகேசு மேசையில் ஓங்கித் தட்டினார். அவர் மனைவி கமலநாயகி கோட்டுகூடக் கழற்றாமல் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஹம்பேர்க்கில் மரண அறிவித்தல் இணையத்தளம் நடத்தும் மதீசனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அறிவித்தலின் வசனங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். பேர், ஊர், திகதி வரும் இடங்களை மட்டும் அவன் எழுதிய புரோகிராம் நிரப்பிக்கொள்ளும்.

“அண்ணை, நீங்கள் இறந்த திகதி தரேல்லை. அது வெறுமையாக் கிடந்தா, பக்கத்தைத் திறக்கிற நாளின்ர திகதியைப் போட்டுவிடும். சொல்லுங்கோ, இப்பவே திருத்திறன்.”

முருகேசுவின் குரல் இறங்கிவிட்டது.

“எங்கட மூத்தவன், தம்பி. வன்னியில சண்டை முடிஞ்ச பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆரிட்டைப் போய்த் திகதி கேக்கிறது? ஏதாவது ஒரு நாளைப் போட்டுவிடும்.”

மதீசன் கீபோர்டைக் கிட்ட இழுத்தான்.

“வேண்டாம், தம்பி,” என்றார் கமலநாயகி. “அது அப்பிடியே இருக்கட்டும். அப்பிடியெண்டா, பிள்ளை நேற்றுவரைக்கும் உயிரோட இருந்திருக்கிறான்தானே?”