ஒரு சின்னச் சுளுக்கு

எண்பத்து நான்காவது நிமிடத்தில் பயிற்சியாளர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். இரண்டாவது கோல்கீப்பர் தன் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதிவரை இறக்கிவிட்டார்.

பயிற்சியாளர் கை காட்டியது கோல்கீப்பருக்குப் பக்கத்தில் இருந்தவனை.

அவர் ஜிப்பை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வெயிலுக்கு இறக்கினேன், காற்றுக்கு ஏற்றினேன் என்று சமாளித்திருக்கலாம்.

சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கிளப் முதல் டிவிஷனிலேயே தங்கும். மூன்று கோல் போட்டாகிவிட்டது, எதிரணி இன்னும் கணக்கைத் தொடங்கவில்லை. ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரைத்தான் மாற்றலாம். நான்கு பேர் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த ஓர் இடமும் இப்போது போகப்போகிறது.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. நாளையோடு ஒப்பந்தம் முடிகிறது. இனி எந்தக் கிளப்பும் கூப்பிடாது என்பது அவருக்கே தெரியும்.

கீழ் டிவிஷனில் ஒன்பது வருடம் சேற்றில் விழுந்து புரண்டு கோல் காத்தவர். போன வருடம் கிளப் மேலே ஏறியபோது, பாதி வேலை அந்தக் கை செய்தது என்று ஊரே சொன்னது. ஏறிய கையோடு கிளப் புது கோல்கீப்பர் ஒருவனை வாங்கியது. இருபத்து நான்கு வயது. கோலின் மேல்கம்பத்தில் தலை இடித்துவிடுமோ என்று பயப்படுகிற உயரம். எல்லோருக்கும் அவன் நெட்டை.

அன்றிலிருந்து அவருக்குப் பெஞ்சு. முப்பத்து மூன்று ஆட்டம். நல்ல மெத்தை போட்ட பெஞ்சு, சும்மா சொல்லக் கூடாது. மாப்பிள்ளை இப்போதெல்லாம் டிவியில் அடிக்கடி தெரிகிறார் என்று மாமியார்கூட அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. அழுக்கே படாத கையுறையை வாராவாரம் துவைத்துக் கொடியில் போடுவார். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி போவாள்.

நெட்டைமேல் கோபம் என்று எதுவும் கிடையாது. கோபப்பட அவன் இடம் கொடுத்தால்தானே. அண்ணே அண்ணே என்று பின்னாலேயே சுற்றுவான். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் பந்தடித்து அவனைத் தயார் செய்வது அவர்தான். இடது பக்கம் அவன் அரை நொடி தாமதமாகப் பாய்வான். அதனால் இடது பக்கமே ஐம்பது பந்து அடிப்பார்.

ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. அவன் தரையில் விழும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். எலும்பு முறிய வேண்டாம், சாமி. ரத்தம் வர வேண்டாம். சின்னதாக ஒரு சுளுக்கு. பத்து நிமிடம் முதல் டிவிஷனில் நின்றுவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன். இப்படிச் சீசன் முழுக்கப் பேரம் பேசினார். நெட்டை எழுந்து காலை உதறுவான். முதலில் கை தட்டுவதும் இவர்தான்.

மனைவி எதிர் கேலரியில் இருந்தாள். வராதே, என்னை இறக்க மாட்டார்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"நீங்க உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்கத்தான் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்திருந்தாள்.

மாற்று ஆட்டக்காரன் கோட்டோரம் போய் நின்றான். கோல் வாசலில் நெட்டை பந்தை விட்டுவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தைக் கவனிக்காமல் இங்கே என்ன வேடிக்கை என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் நெட்டை விழுந்தான்.

அவன் பக்கத்தில் யாருமில்லை. பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான்.

இந்த முறை அவருக்கு நெஞ்சு துள்ளவில்லை. சீசன் முழுக்க ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராத ஒரே ஆள் என்று அன்றைய பேப்பரில் அவன் படம் வந்திருந்தது. இன்னும் ஆறே நிமிடம்தான் பாக்கி. பாவி, நான் கேட்டதுதான் பலித்துவிட்டது என்று நினைத்தார்.

பயிற்சியாளர் கோட்டோரம் நின்றவனைத் திருப்பி அனுப்பிவிட்டு இவர் பக்கம் பார்த்துக் கத்தினார். ஸ்ட்ரெச்சரில் போன நெட்டை இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான்.

கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஒன்பது நிமிடம் நின்றார்.

பந்து ஒரே ஒரு முறைதான் வந்தது. அதுவும் சொந்த ஆள் பின்னால் தள்ளிவிட்டது. வந்த வேகத்தில் உதைத்திருக்க வேண்டும். அவர் அதைக் காலடியில் நிறுத்தி வைத்துக்கொண்டார். பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். எதிரணிக்காரன் ஓடி வந்து, அவன் மூச்சிரைப்பது கேட்கும்வரை வைத்திருந்துவிட்டுத்தான் உதைத்தார். எதிர் கேலரியில் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

விசில் ஒலித்தது. கிளப் தப்பித்தது. ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப் புரண்டார்கள். அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் சிகிச்சை அறைக்கு ஓடினார்.

நெட்டை கட்டிலில் தனியாகப் படுத்திருந்தான். டாக்டர் மைதானத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை.

அவர் தலைமாட்டில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேண்டிக்கொண்டது, பேரம் பேசியது, கை தட்டியது, ஒன்றுவிடாமல். கடைசியில் மன்னித்துவிடு என்றார்.

நெட்டையின் கண் கதவிலேயே இருந்தது. வெளியே டாக்டரின் குரல் நெருங்கியதும், சட்டென்று எழுந்து அவர் ஜெர்சியைப் பிடித்து அருகில் இழுத்தான்.

"அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க. நான் எந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தேன்?"