ஏழு மணிக்கே அணையும் சோலார்

தங்கபாய் வீட்டில் சோலார் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. தினமும் ஏழு மணிக்கே விளக்கும் ஃபேனும் படுத்துவிடுகின்றன. மகள் பிரசவத்துக்கு வரும் நேரம். சோலார் பலகை மாட்டிய எபிசனை வரவழைத்து உலுக்கிவிட்டாள்.

"பச்சப்பிள்ளைய இருட்டுல போட்டுத் தாலாட்டவாலே சொல்லுக?"

எபிசன் கூரையேறி இறங்கினான். "பலகையில குத்தமில்ல மாமி. மத்தியானத்துக்கு மேல, அந்தா சாஞ்சு நிக்கிற தென்னைக்க நிழலு பலகை மேல விழுது, பேட்டரி நிறையல. அத வெட்டினா விளக்கு விடியிறவரை எரியும்."

தங்கபாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அது வீட்டுக்காரருக்க அண்ணனுக்க தென்னையாக்கும்."

"ஒத்தத் தென்னதானே, கேட்டா வெட்டித் தர மாட்டாரா?"

"கரண்டுக் கம்பி இழுக்கதுக்கு அதே தென்னையத்தான் வெட்டக் கேட்டோம். மாட்டேன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாரு. அதுக்குப் பொறவுதானே மக்கா, இந்தச் சோலாரே வாங்கினோம்!"