சின்னப்பாப்பாவுக்கு என்ன?

சாரம் கிளினிக்கில் பக்கிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து என் பொண்டாட்டி சின்னப்பாப்பா வந்தாளே, அவளுக்கு என்னம்மா?"

"அவங்களையே கேளுங்க ஐயா," என்றார் டாக்டர் கார்குழலி.

"தாலி கட்டினவன் கேக்கறேன்!"

"யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"முழு வஞ்சிரம் ஒண்ணு கொண்டாந்து தர்றேன். சொல்லு."

"வெளியே போங்க ஐயா."

எழுந்து போன பக்கிரி, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவளுக்கு முட்டிவலி. தெனமும் நான்தான் தைலம் தேச்சு விடறேன். நீ வெளியில சொல்றவளான்னு பாத்தேன்."

சட்டையைக் கழற்றி, அக்குளில் இருந்த கட்டியைக் காட்டினார்.

"இது அவளுக்குத் தெரியக் கூடாதும்மா. அழுதுடுவா."

கார்குழலி தலையாட்டினார். நேற்று சின்னப்பாப்பா இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுததும் இந்தக் கட்டியைச் சொல்லித்தான். அதையும் டாக்டர் சொல்லவில்லை.