துரை கேட்ட சிரிப்பு

"கன்னத்தை இன்னுங் கொஞ்சம் உப்பலா வரைங்க நானா. சடையும் ரெட்டைச் சடையா இருக்கட்டும்."

மாத்தளை டவுனில் போர்டு எழுதுகிற இத்ரூஸ், தூரிகையைத் தாழ்த்தினார். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றழைத்து, படத்துக்கு முகம் காட்டி எதிரே நின்றவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் காத்தாயி. பாதித் தலை நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"ஒனக்கு ரெட்டைச் சடையா? யா அல்லாஹ்! தொர கண்டா என்னைத்தான் ஏசுவார்."

"தொர சிரிச்ச முகந்தானே கேட்டாரு? சடையப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே."

அதுவும் உண்மைதான். புது பெக்டரியைப் பெரிதாக வரையச் சொல்லியிருந்தார் தோட்டத்தை நடத்தும் துரை. புகை வெள்ளையாக இருக்க வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் ஒழுகுகிற லயங்களும் எண்ணெய் மிதக்கிற ஓடையும் படத்தில் தலைகாட்டக் கூடாது. முன்னால் ஒரு பெண் சிரிக்க வேண்டும்.

இத்ரூஸுக்கு அலுத்துவிட்டது. எத்தனை தோட்டம், எத்தனை புகைக்கூண்டு! கரும்புகைக்கு வெள்ளையடித்தே கை சலித்துவிட்டது. இதில் இவள் வேறு. ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

"மூக்குத்தி?"

"வேணாம் நானா."

"தாலி?"

காத்தாயி தயங்கினாள். "அதும் வேணாம்."

"புருஷனோட சண்டையோ?"

"சண்டை போடத் தெம்பு எங்க இருக்கு? முகம் மட்டும் சரியா வரணும் நானா. இதை விட்டா வேற படம் எங்களுக்கு ஏது?"

பாவமாக இருந்தது. அவள் சொன்னபடியெல்லாம் வரைந்து கொடுத்தார்.

படம் முடிந்ததும் துரை வந்து பார்த்தார். அந்த முகத்தருகே குனிந்து பார்த்தார். "ரொம்ப நல்லா சிரிக்குது. நம்ம மேசைக்கு நேரா மாட்டு" என்று பெக்டரி வேலையை மேற்பார்க்கும் டீமேக்கர் மாணிக்கவாசகத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

படத்தைத் தூக்கக் குனிந்த மாணிக்கவாசகம் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"நானா, இந்தப் புள்ளைய நீங்க எங்க பாத்தீங்க?"

"இந்தா நிக்கிறாளே காத்தாயி, இவதான். வயசைக் கொறைக்கச் சொன்னா, கொறைச்சேன்."

காத்தாயி படத்தின் கன்னத்தைத் தொடப் போனாள். சாயம் காயவில்லை என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் இல்ல நானா, இது எம் மக. போன வருஷம் கொழுந்து அரைக்கிற புது ரோலர்ல மாட்டிச் செத்தப்ப, 'அப்படி ஒரு புள்ள எங்க பெக்டரியில வேலையே செய்யல'ன்னு பொலிஸுக்குச் சொன்னாரு தொர. இனி தெனமும் பாத்துக்கிட்டே இருக்கட்டும்."