சுண்டுவிரல் நுழையாத துளை

தண்ணீர் வரவில்லை.

விடிந்து வெளிச்சம் பரவிய பிறகுதான் அவன் கவனித்தான். இன்ஜினின் பக்கவாட்டில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை. இன்ஜினைக் குளிரவைத்த கடல்நீரில் கொஞ்சம் அதன் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே விழும். விழுந்தால் இன்ஜின் சுகம். விழாவிட்டால் உள்ளே கொதிக்கிறது என்று பொருள்.

கை தானாகப் போய் இன்ஜினை அணைத்தது.

சத்தம் நின்றதும் கடல் பெரிதாகிவிட்டது. கரை ஒரு கோடாகக்கூடத் தெரியவில்லை.

"என்ன மாமா, பெரியவருக்கு ஒண்ணுக்கு வரலயா?" போட்டின் முன்பக்கம் வலைமேல் உட்கார்ந்திருந்த அஞ்சப்பன் இன்ஜினைக் காட்டிக் கேட்டான்.

அவன் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருட இன்ஜின். சூட்டில் இறுகிவிட்டால் அதோடு சரி, இன்னொன்று வாங்க வழியில்லை. கிளம்பும்போதே துளையை ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும். இருட்டில், அவசரத்தில் விட்டுவிட்டான்.

இன்ஜினைச் சாய்த்துத் தூக்கினான். தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பாலித்தீன் பை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பாசியும் இல்லை. அப்படியானால் உள்ளே பம்பின் ரப்பர் போயிருக்கும். அதை நடுக்கடலில் கழற்ற முடியாது.



இரண்டு வருடத்துக்கு முன்னும் இதே இன்ஜின் இப்படி நடுக்கடலில் நின்றது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. அறுத்துவிடக் குதித்த மனைவியின் தம்பி மேலே வரவில்லை.

அன்றிலிருந்து அவள் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கொலைகார மிஷின் என்பாள். நேற்று ஆயுத பூசைக்கும் அவன் தனியாகத்தான் வந்தான். இன்ஜின் மூடிமேல் ஒரு சந்தனப் பொட்டு, ஒரு எலுமிச்சம்பழம். பூசை முடிந்தது.

கடைசியாக ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டான்.

எதிலோ முட்டியது.

மெதுவாகக் கிளறினான். காய்ந்த சந்தனம் துகள் துகளாக வந்தது. அதன் பின்னால் மடிந்து சிக்கிய காம்புகள். நுனிவிரலால் பற்றி இழுத்தான்.

கனகாம்பரம். மூன்று.

முதலில் கோபம்தான் வந்தது. எந்தப் புண்ணியவான் போயும் போயும் தண்ணீர்த் துளையில் பூச்செருகியது? கிழட்டுப் பம்புக்கு இதைத் தள்ளிவிட வலு ஏது? மிச்சத் தண்ணீர் அடிவழியாகப் போனதால்தான் இன்ஜின் இதுவரை பிழைத்தது.

பிறகு கை நின்றது.

அவர்கள் குப்பத்தில் கனகாம்பரம் ஒரே ஒரு செடிதான். அவன் வீட்டுப் பின்வாசலில், பெயின்ட் டப்பாவில். இரண்டு வருடமாகப் பறிப்பார் இல்லாமல், பூவெல்லாம் செடியிலேயே காய்ந்து உதிர்ந்தன.

நேற்று சாயங்காலம் எங்கோ போய்த் திரும்பியவள் காலில் ஈர மணல் இருந்தது. பார்த்தான். கேட்கவில்லை.

நாற்பது போட்டுக்கு நடுவே இதைத் தேடி வந்திருக்கிறாள். வழுக்குகிற மூடியில் பூ நிற்காது. நிற்கிற இடம் தேடி, தடவித் தடவி, இந்த ஒரு துளையைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

தம்பியைக் கொண்டுபோனதை அவள் கையால் தொட்டிருக்கிறாள்.

இத்தனை வருடக் கடலில் எவ்வளவோ பார்த்தவன்தான். இப்படி மலைத்து நின்றதில்லை.

இன்ஜினை இறக்கிவிட்டுக் கயிற்றைச் சுண்டி இழுத்தான். இன்ஜின் இருமியது. பிடித்துக்கொண்டது. துளையிலிருந்து தண்ணீர் வளைந்து கடலில் விழுந்தது. அஞ்சப்பன் கைதட்டினான்.

அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். இளஞ்சூடு. லேசாகச் சந்தன வாசனை.

பூக்களைக் கடலில் போட மனம் வரவில்லை. மூடியின் கொக்கிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இடுக்கு இருந்தது. செருகிப் பார்த்தான்.

நின்றது.

இந்த இடத்தை வாயால் சொன்னால் அவளுக்குப் புரியாது. கூட்டிவந்துதான் காட்ட வேண்டும்.