இறந்தவராகக் கருதப்படும் காஸ்பரே

நீதிபதி கேள்வியை இரண்டாம் முறை கேட்டார்.

"இந்த ஏழு வருடத்தில் உங்கள் கணவரிடமிருந்து கடிதமோ தகவலோ ஏதாவது வந்ததா?"

"இல்லை" என்றாள் அவள்.

அது உண்மை.

புரூக்ளின் நீதிமன்றத்துக்கு வெளியே மார்ச் மாதத்துப் பனி கரைந்து சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் ஆளைக் காணவில்லை என்றால் இறந்துவிட்டதாகத் தீர்ப்பு வாங்கலாம். பிலோமினா அதற்குத்தான் வந்திருந்தாள். வீடு கணவன் காஸ்பரேயின் பேரில் இருந்தது. மகளின் கல்யாணம் முடிந்ததும் அதை விற்றுவிட்டு, பாஸ்டனில் அக்காவோடு போய் இருந்துவிடலாம் என்று எண்ணம்.

அடுத்து சாட்சிக் கூண்டில் ஏறியவர் நுன்சியோ.

காஸ்பரேயின் நண்பர். துறைமுகத்தில் இருவரும் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். பிறகு மூட்டை தூக்குகிறவர்களை மிரட்டும் வேலைக்கும் ஒன்றாகவே உயர்ந்தார்கள். பிலோமினாவின் மகள் ரொசாலியாவுக்கு, ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன்.

"அவரைக் கடைசியாகப் பார்த்தது நீங்கள்தானே?"

"ஆமாம். படகுத்துறையில் இறக்கிவிட்டேன். யாரையோ பார்க்கணும் என்றான். அப்புறம் பார்க்கவில்லை."

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துத்தான் சொன்னார்.

பிலோமினா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஸ்பரே காணாமல் போன அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம். நுன்சியோவின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. காஸ்பரே பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அந்த வாரம்தான் அவனை அரசாங்க விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்துவிடுவான் என்று தெருவில் பேச்சு. திறக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவள் நம்பினாள். நம்ப வேண்டியவர்கள் நம்பவில்லை.

சாயங்காலம் நுன்சியோ மட்டும் வந்தார்.

"காஸ்பரே வந்துட்டானா?"

கேட்டபோது தொப்பி அவர் கையில் இருந்தது. கோயிலிலும் சாவு வீட்டிலும் தவிர அவர் தொப்பியைக் கழற்றி அவள் பார்த்ததில்லை.

அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. துறைமுகக் கும்பலின் பெரியவர்கள் சொன்னதைச் செய்யாமல் இருந்திருந்தால் நுன்சியோவும் வீடு திரும்பியிருக்க மாட்டார் என்பதும் தெரியும்.

தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதே அதற்குப் பிறகு அவள் பிழைப்பு.

கறுப்பு உடுத்தவில்லை. துக்கப் பூசை வைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் நுன்சியோ இனிப்புப் பெட்டியோடு வருவார். மேசையில் காஸ்பரேக்கும் ஒரு தட்டு வைப்பாள். அந்த வெறும் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவார். ரொசாலியாவுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அவளுக்கு நிமோனியா வந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியதும் அவர்தான்.

பாசம் பொய்யில்லை. அதைத்தான் பிலோமினாவால் தாங்க முடியவில்லை.

தீர்ப்புக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. காஸ்பரே இறந்தவராகக் கருதப்படுகிறார். நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே படிகள் ஈரமாக இருந்தன. நுன்சியோ கையை நீட்டினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பாதியில் நின்றாள்.

போன வாரம் ரொசாலியா சந்தோஷமாக ஓடிவந்து சொல்லியிருந்தாள். கல்யாணத்தன்று தகப்பன் இடத்தில் நின்று கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக ஞானத்தகப்பனையே கேட்டுவிட்டாளாம். அவர் கண் கலங்கிவிட்டாராம்.

"கல்யாணத்தன்னைக்கு அவ கையை நீங்க பிடிக்க வேண்டாம்" என்றாள் பிலோமினா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள்.

நுன்சியோ அவளையே பார்த்தார்.

ஏன் என்று கேட்கவில்லை.

கேட்காமல் இருந்ததிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு வருடமும் அவளுக்குத் தெரிந்திருந்தது என்று அவருக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும். ஒவ்வொரு தட்டும்.

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று.

"அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"முழங்கால் வலின்னு சொல்லுங்க. நம்புவா. நீங்க எதைச் சொன்னாலும் நம்புவா."

அவர் முகம் ஒரு கணம் வயதாகிப்போனது போல் இருந்தது.

"யாரு கூட்டிட்டுப் போவா?"

"நான்."

"சரி" என்றார்.

அவ்வளவுதான். அவள் மீதிப் படிகளை இறங்கினாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிலோமினா. அது கடல் தெரியற இடம்."

அவள் நின்றாள்.

எங்கே புதைத்தார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதில்லை என்று மாதா படத்தின் முன் சத்தியம் செய்திருந்தாள். மகள் உயிரோடு வளர அவள் கொடுத்த விலை அது.

எந்தக் கடற்கரை என்று இப்போதும் கேட்கவில்லை.

"அவர் கண்ணை மூடிவிட்டீங்களா?" என்றாள், திரும்பாமல்.

ஆமாம் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த நேரத்தை அவள் கவனித்தாள்.

பிறகு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அங்கே வெயில் வந்திருந்தது. ஒரு கிழவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தாள். மூன்று பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.